40 டாலருக்கு ஒரு ஜெனரல் மேனேஜர் வேலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஆப்பின் பெயரை இங்கே போடப் போவதில்லை. என்னைக் கேட்காமல் சந்தாவைத் தானே புதுப்பித்துக்கொண்டு கார்டிலிருந்து எடுத்த 40 டாலரைத் திரும்பக் கேட்டு மூன்று மெயில் அனுப்பிவிட்டேன், மூன்றுக்கும் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரே பதில். அந்தப் பஞ்சாயத்து முடியட்டும். பெயர் தெரியாததால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, என்எஃப்எல், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீக்கின் டிராஃப்டை வீட்டில் உட்கார்ந்து நடத்திப் பார்க்கும் இந்த மாதிரி சிமுலேட்டர்கள் நான் பார்த்த வரை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதான். ஒன்றைப் பற்றிச் சொன்னால் முக்கால்வாசி மற்றவற்றுக்கும் பொருந்தும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மிச்சிகனில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், அதனால் டெட்ராய்ட் லயன்ஸ். இது நானாகத் தேர்ந்தெடுத்ததில்லை, குளிர் மாதிரி வந்து ஒட்டிக்கொண்டது. 2008-ல் 16 ஆட்டங்களில் 16-ஐயும் தோற்ற அணி என்று ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் பெருமையாகச் சொன்ன நாளிலிருந்து எனக்கும் அதன் மேல் ஒரு பாசம்.

டிராஃப்ட் தெரியாதவர்களுக்கு: ஐபிஎல் மாதிரி ஏலம் இங்கே கிடையாது. கல்லூரி முடித்து வரும் ஆட்டக்காரர்களை 32 அணிகளும் வரிசையில் நின்று ஒவ்வொருவராக எடுக்கும், 7 ரவுண்ட், மூன்று நாள், மொத்தம் சுமார் 260 பேர். போன சீசனில் மோசமாகத் தோற்றவனுக்கு வரிசையில் முதல் இடம். ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பதை அமெரிக்காவில் அப்படியே சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள், படையில் பிந்தியவனுக்குத்தான் பந்தியில் முதல் இலை. அந்த இலையை விற்கலாம், வாங்கலாம், அடுத்த வருட இலையைக்கூட அடகு வைக்கலாம். அங்கேதான் ஆட்டம் சூடுபிடிக்கிறது.

சரி, ஆப்புக்கு வருவோம். இலவசமாகவே ஒரு ரவுண்ட் ஆடிப் பார்க்கலாம். வருடத்துக்கு 40 டாலர் கட்டினால் 7 ரவுண்டும் திறக்கும், டிரேட் செய்யலாம், பழைய வருட டிராஃப்டுகளை மறுபடி நடத்தலாம், கூடவே ரோஸ்டர் (அணியின் ஆள் பட்டியல்), சாலரி கேப் (மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு) கணக்குப் பார்க்க ஒரு பக்கமும் உண்டு. நான் கட்டினேன், 2025 ஏப்ரலில், டிராஃப்டுக்குப் பத்து நாள் முன்னால், இரவு பதினொன்றரை மணிக்கு. இந்த நேரத்தில் எந்த மனிதனும் நல்ல முடிவு எடுத்ததில்லை.

முதல் இரவே நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். லயன்ஸுக்கு அந்த வருடம் 28-வது இடம். மூன்றாவது இடத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ். பென் ஸ்டேட்டில் ஆடிய அப்துல் கார்ட்டர் என்ற எட்ஜ் ரஷர், அதாவது ஓரத்திலிருந்து பாய்ந்து, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் எதிரணி குவாட்டர்பேக்கை விரட்டுகிறவர், அப்போது எல்லோர் வாயிலும் அடிபட்ட பெயர். எங்களிடம் ஒரு பக்கம் எய்டன் ஹட்சின்சன் இருக்கிறார், மறுபக்கம் இவர் வந்தால் எப்படி இருக்கும்? நான் 28-ஐக் கொடுத்தேன், இரண்டாம் ரவுண்டைக் கொடுத்தேன், அடுத்த வருடத்திலிருந்து ஒரு முதல் ரவுண்டும் இரண்டு சில்லறையும், அதற்கடுத்த வருடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் சில்லறையும் சேர்த்துக் கொட்டினேன். கம்ப்யூட்டர் ஜயன்ட்ஸ் ஒரு நொடி யோசித்துவிட்டு ‘சரி’ என்றது. எனக்கு கார்ட்டர் கிடைத்தார், டிராஃப்ட் முடிந்ததும் ‘ஏ பிளஸ்’ கிரேடும் கிடைத்தது, சிரித்துக்கொண்டே தூங்கினேன். பத்து நாள் கழித்து நிஜ ஜயன்ட்ஸ் மூன்றாவது இடத்தில் நகராமல் உட்கார்ந்து அதே கார்ட்டரை எடுத்தது. நிஜ லயன்ஸ் 28-ல் டைலீக் வில்லியம்ஸ் என்ற நடுவரிசை தடுப்புக்காரரை எடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனது.

ஆப்பின் பெரிய கோளாறு இதுதான். அது புள்ளியைக் கூட்டுகிறது. டல்லாஸ் கவ்பாய்ஸுக்கு ஜிம்மி ஜான்சன் கோச்சாக இருந்தபோது, 1990-களின் தொடக்கத்தில், ஒரு விலைப்பட்டியல் போட்டார்கள். கணக்கைப் போட்டுக் கொடுத்தது மைக் மெக்காய் என்ற பங்குதாரர், ஆனால் ஊர் முழுக்க அதற்கு ஜான்சன் பெயர்தான். முதல் இடத்துக்கு 3000 புள்ளி, இரண்டாவதுக்கு 2600, பதினாறாவதுக்கு 1000, முதல் ரவுண்டின் கடைசி, அதாவது 32-வதுக்கு 590. 1989-ல் ஹெர்ஷல் வாக்கர் என்ற ஒரே ஓட்டக்காரரை மின்னசோட்டாவுக்கு அனுப்பி டல்லாஸ் ஆட்களையும் பிக்குகளையும் (டிராஃப்ட் இடங்களையும்) மூட்டை மூட்டையாக வாங்கியிருந்தது. கையில் அத்தனை சரக்கு இருந்தால் விலைப்பட்டியல் வேண்டாமா? அதற்கப்புறம் அந்த அணி நான்கு சீசனில் மூன்று சூப்பர் பௌல் (சீசனின் இறுதிப்போட்டி) வென்றது, பட்டியலையும் எல்லோரும் காப்பியடித்தார்கள். ஆப்பும் அதன் ஏதோ ஒரு வகையைத்தான் உள்ளே வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் சுண்டைக்காயாக அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பூசணிக்காய் கைக்கு வந்துவிடும். நிஜத்தில் வராது. நிஜத்தில் ஆடுகிறவன் ஒரு நேரத்துக்கு 11 பேர், ரோஸ்டரில் 53 இடம், ஐந்து சுமாரான ஆளைக் கொடுத்து ஒரு சூரனை வாங்க யாரும் விடமாட்டார்கள்.

ஆனால் இதே புள்ளிக் கணக்கை வைத்து எனக்கு ஒரு விஷயம் புரிந்தது, அதை மறைக்கக் கூடாது. 2023-ல் லயன்ஸ் கையில் 6-வது இடம் இருந்தது. அது மேத்யூ ஸ்டாஃபோர்ட் என்ற குவாட்டர்பேக்கை ராம்ஸுக்கு அனுப்பியதில் வந்த சொத்து. அதையும் 81-ஐயும் அரிசோனாவிடம் கொடுத்து 12, 34, 168 மூன்றையும் வாங்கினார்கள். அன்றைக்கு எனக்கு எரிச்சல், ஆறாவது இடத்தை யாராவது விடுவார்களா என்று. இப்போது பட்டியலில் போட்டுப் பார்த்தால் 6-க்கு 1600, 81-க்கு 185, கூட்டினால் 1785. அந்தப் பக்கம் 12-க்கு 1200, 34-க்கு 560, 168-க்கு இருபது சொச்சம். தராசு முள் அசையவில்லை. ஆனால் 34-ல் வந்தவர் சாம் லபோர்டா, முதல் வருடத்திலேயே 86 கேட்ச் பிடித்து ரூக்கி, அதாவது முதல் வருட டைட் எண்டுகளில் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிறவர்கள்) அப்போதைய சாதனையை எழுதினார். விலை சமமாக இருந்தும் ஒருவர் லாபம் பார்க்கலாம், கீழே இறங்கினால் கையில் சீட்டு அதிகம். இதை நான் எந்தக் கட்டுரை படித்தும் புரிந்துகொண்டதில்லை, ஆப்பின் டிரேட் பக்கத்தில் எண்களைத் தட்டித் தட்டித்தான் மண்டையில் ஏறியது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து.

அடுத்தது கிரேடு. இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

பழைய வருடங்களைத் திருப்பி ஆடும் வசதியில் 2023-ஐத் திறந்து, லயன்ஸ் எடுத்த அதே ஆட்களை அதே இடத்தில் எடுத்தேன். 12-ல் ஜமீர் கிப்ஸ், 18-ல் ஜாக் கேம்பல், 34-ல் லபோர்டா, 45-ல் பிரையன் பிராஞ்ச். ஆப் கொடுத்த கிரேடு ‘சி’. காரணமும் எழுதியது, ஓட்டக்காரருக்கும் நடு லைன்பேக்கருக்கும் (தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) முதல் ரவுண்ட் அதிகம் என்று. நிஜத்திலும் அன்றைக்குப் பல நிபுணர்கள் இதையே சொல்லி உதட்டைப் பிதுக்கினார்கள், வாதம் தப்பும் இல்லை, அந்த இரண்டு வேலைக்கும் சந்தையில் ஆள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்த நால்வரோடு லயன்ஸ் அந்த சீசன் 12 வெற்றி 5 தோல்வி, முப்பது வருடத்தில் முதல் டிவிஷன் பட்டம், சூப்பர் பௌலுக்கு ஒரே ஆட்டம் முன்னால் சான் பிரான்சிஸ்கோவிடம் 34-31 என்று தோற்றது (அந்த இரண்டாம் பாதியைப் பற்றிப் பேச வேண்டாம், இன்னும் ஆறவில்லை). நடந்து முடிந்த டிராஃப்டை, முடிவு எல்லோருக்கும் தெரிந்த பிறகு ஆடினாலும் ‘சி’ போடுகிறது என்றால் அந்த கிரேடு எதை அளக்கிறது? ஊர் போட்ட வரிசைப் பட்டியலிலிருந்து நீங்கள் எவ்வளவு விலகினீர்கள் என்பதை. வேறெதையும் இல்லை.

பழைய வருடம் ஆடுவதில் இன்னொரு கூத்து. விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவது மாதிரி. 2000-ஐத் திறந்து நான்காவது ரவுண்டிலேயே, பின்னாளில் ஜாம்பவானான குவாட்டர்பேக் டாம் பிரேடியைத் தூக்கிவிட்டேன், நிஜத்தில் அவர் 199-வது ஆள். ஐந்து நிமிடம் குஷியாக இருந்தது, அப்புறம் சப்பென்று போய்விட்டது.

ஆனால் 2021-ஐ ஆடியபோது வேறு மாதிரி இருந்தது, அதில் ஒரு இரவு முழுக்கப் போனது. சான் பிரான்சிஸ்கோ 49எர்ஸ் 12-வது இடத்திலிருந்து 3-க்கு ஏற, அந்த 12, அதற்கடுத்த இரண்டு வருட முதல் ரவுண்டுகள், கூட ஒரு மூன்றாம் ரவுண்ட் எல்லாம் கொடுத்தது. எடுத்தது ட்ரே லான்ஸ் என்ற குவாட்டர்பேக். அங்கே அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது நான்கே ஆட்டம், 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் ரவுண்டுக்கு டல்லாஸுக்குப் போனார். அவர்கள் விட்ட 12-வது இடம் கை மாறி மாறி கடைசியில் டல்லாஸிடம் போய் மைக்கா பார்சன்ஸ் என்ற தடுப்புச் சூரன் ஆனது. இதற்குத்தான் நம்மூரில் ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பார்கள். அடுத்த வருடம் அதே 49எர்ஸ் டிராஃப்டின் கடைசி இடத்தில், 262-ல், பிராக் பர்டியை எடுத்தது, அவர் அவர்களை சூப்பர் பௌலுக்குக் கூட்டிப்போனார். மேதைகளா முட்டாள்களா என்று கேட்டால் ஒரே ஆபீஸ், ஒரே ஆட்கள், ஒரு வருட இடைவெளி, அவ்வளவுதான்.

ஆப்பில் நான் 49எர்ஸாக உட்கார்ந்து 12-லேயே இருந்து பார்சன்ஸை எடுத்தேன். சுலபம். ஏன் சுலபம் என்றால் எனக்குப் பயமில்லை. குவாட்டர்பேக் இல்லாத அணியின் ஜெனரல் மேனேஜருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும், முதலாளி பக்கத்து அறையில் இருப்பார், கோச்சுக்கு ஒரு பையன் மேல் கண் விழுந்திருக்கும். கம்ப்யூட்டர் அணிகளுக்கு இந்தப் பயமும் இல்லை, காதலும் இல்லை. அதனால் நிஜ டிராஃப்டில் நடக்கும் பைத்தியக்காரத்தனம் எதுவும் இதில் நடப்பதில்லை. 2023 மார்ச்சில் கரோலைனா பாந்தர்ஸ் முதல் இடத்துக்காக சிகாகோவிடம் 9, 61, 2024-ன் முதல் ரவுண்ட், 2025-ன் இரண்டாம் ரவுண்ட், மேலே டிஜே மூர் என்ற நல்ல ரிசீவரையும் (பந்தைப் பிடிக்கிறவர்) கொடுத்ததே, அதை ஆப்பில் கரோலைனாவாக எந்தக் கம்ப்யூட்டரும் செய்யவில்லை, இருபது தடவை ஓட்டிப் பார்த்தேன். நிஜத்தில் கரோலைனா அந்த சீசன் 2 வெற்றி 15 தோல்வி, அதனால் அவர்கள் கொடுத்த 2024 இலை பந்தியின் முதல் இலையாகவே ஆகி, சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது.

‘தேவை’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு அணிக்கும் எந்த இடத்தில் ஆள் வேண்டும் என்று. கம்ப்யூட்டர் அதைத் தாண்டுவதே இல்லை. 2024 டிராஃப்ட் எங்கள் டெட்ராய்டில்தான் நடந்தது, மூன்று நாளில் ஏழே முக்கால் லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள், முதல் நாள் நானும் அந்தக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தேன். அட்லாண்டா கர்க் கசின்ஸுக்கு 18 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு ஆறு வாரம் ஆகியிருக்கும், 8-வது இடத்தில் வந்து மைக்கேல் பெனிக்ஸ் என்ற இன்னொரு குவாட்டர்பேக் பெயரைப் படித்தார்கள். எங்கள் பக்கம் ஒரு நொடி யாருக்கும் சத்தமே வரவில்லை, அப்புறம் ஒரு பெரிய ‘ஆஆ’. ஆப்பில் அட்லாண்டாவுக்கு குவாட்டர்பேக் தேவை பூஜ்யம். அதே மாதிரி 2025-ல் நான் ஓட்டிய எல்லா மாக் (ஒத்திகை) டிராஃப்டிலும் ஷெடூர் சாண்டர்ஸ் என்ற குவாட்டர்பேக் முதல் இரண்டு ரவுண்டுக்குள் போய்விடுவார். நிஜத்தில் மூன்றாம் நாள், ஐந்தாம் ரவுண்ட், 144-ல் கிளீவ்லாண்ட் எடுத்தது, அதுவும் மூன்றாம் ரவுண்டில் வேறொரு குவாட்டர்பேக்கை எடுத்த பிறகு.

அப்போ ஆப்பைக் குறை சொல்லலாமா? கொஞ்சம் சொல்லலாம். யாராலும் கணிக்க முடியாததைக் கணிக்கவில்லை என்று திட்டுவது நியாயமில்லைதான். ரிச்சர்ட் தேலர், கேட் மாஸி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் டிராஃப்டை ஆராய்ந்து எழுதியபோது, ஒரே பொசிஷனில் முன்னால் எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு 52 சதவீதம் என்று கண்டார்கள். நாணயம் சுண்டிவிட்டு இரண்டு சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அதை ஒப்புக்கொள்ளாமல் ‘95 சதவீதப் பொருத்தம்’ என்று ஒவ்வொரு ஆள் பக்கத்திலும் பச்சைப் பட்டை போட்டு 40 டாலர் வாங்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ரோஸ்டர் பக்கம். இதைத்தான் பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள், இதுதான் அரைவேக்காடு. டிராஃப்டின் உயிரே சம்பளக் கணக்கில் இருக்கிறது. 1994-ல் சாலரி கேப் வந்தபோது ஒரு அணிக்கு 3.46 கோடி டாலர், 2025-ல் 27.92 கோடி. அதற்குள் 53 பேர். 2011-க்கு முன்னால் ரூக்கிகளுக்கே அள்ளிக் கொடுக்க வேண்டியிருந்தது, 2010-ன் முதல் ஆள் சாம் பிராட்ஃபோர்டுக்கு 7.8 கோடி ஒப்பந்தம், அதில் 5 கோடி உறுதி. அடுத்த வருடம் புது ஒப்பந்த விதி வந்ததும் முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு மொத்தமே 2.2 கோடி, நான்கு வருடத்துக்கு. அன்றிலிருந்து நல்ல குவாட்டர்பேக்கை மலிவாக வைத்திருக்கும் நான்கைந்து வருடம்தான் ஒரு அணிக்குப் பொற்காலம். பர்டி 2023-ல் சூப்பர் பௌலுக்குப் போன சீசனில் அவர் சம்பளம் 8.7 லட்சம், 2025-ல் போட்ட புது ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு 26.5 கோடி. அந்த இடைவெளியில் மிச்சமாகும் காசில்தான் மற்ற சூரர்களை வைத்துக்கொள்ள முடியும்.

இதெல்லாம் ஆப்பில் தெரிய வேண்டாமா? முதல் வருடத்துக்குத் தெரிகிறது. அடுத்த வருடம் என்ற பொத்தானைத் தட்டினால் கேப் ஏறுவதே இல்லை, ஒப்பந்தம் மட்டும் ஏறுகிறது, மூன்றாவது வருடத்தில் என் லயன்ஸ் திவால். ஒருவரை ஜூன் 1-க்குப் பிறகு விடுவித்ததாகக் கணக்கு வைத்து, மிச்ச போனஸ் சுமையை இரண்டு வருடத்துக்குப் பிரித்துக்கொள்ளும் வசதி நிஜத்தில் உண்டு. டென்வர் 2024-ல் ரசல் வில்சன் என்ற குவாட்டர்பேக்கை விட்டபோது இல்லாத ஆளுக்காகச் சுமந்த 8.5 கோடி டாலரை அப்படித்தான் இரண்டு வருடமாகப் பிரித்தது, பிரித்துக்கொண்டே 12-வது இடத்தில் போ நிக்ஸ் என்ற புது குவாட்டர்பேக்கை எடுத்து அந்த சீசனே பிளேஆஃபுக்கும் போனது. ஆப்பில் அந்தப் பொத்தான் இல்லை. வில்சனை விடுவிக்கப் போனால் சிவப்பு விளக்கு எரிந்து ‘அனுமதி இல்லை’ என்கிறது. நல்ல ஆளை வேறு அணிக்கு இழந்தால் மூன்றாம் ரவுண்டிலிருந்து ஏழாம் ரவுண்ட் வரை லீக் ஈடாகத் தரும் கூடுதல் பிக்குகளும் அடுத்த வருடக் கணக்கில் வருவதில்லை. பால்டிமோர் மாதிரி அணிகள் வருடாவருடம் அதை வைத்தே சமையல் செய்கின்றன, அது இல்லாமல் ரோஸ்டர் கட்டுவது புளி இல்லாமல் குழம்பு வைப்பது.

கஸ்டமர் சர்வீஸ் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். போன் நம்பர் கிடையாது. ரத்து செய்யும் பொத்தான் ‘ப்ரொஃபைல்’ உள்ளே, ‘அறிவிப்புகள்’ உள்ளே, சாம்பல் நிற எழுத்தில் இருக்கிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள்.

வாங்கலாமா என்று கேட்டால், இலவசப் பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். டிரேட் பக்கம் வேண்டுமென்றால் மாதச் சந்தா இருக்கிறது, 8 டாலர், ஏப்ரல் மாதம் மட்டும் கட்டிவிட்டு டிராஃப்ட் முடிந்த ஞாயிற்றுக்கிழமையே ரத்து செய்துவிடுங்கள். வருடச் சந்தா வேண்டவே வேண்டாம், செப்டம்பரில் ஆட்டம் தொடங்கிய பிறகு இந்த ஆப்பை யார் திறக்கப் போகிறார்கள். மொத்தத்தில் ஐந்துக்கு இரண்டரை. மூன்று போட்டிருப்பேன், அந்த ‘சி’ கிரேடுக்காக அரை நட்சத்திரம் பிடித்துக்கொண்டேன்.

நேற்றுகூட பணம் வந்ததா என்று பார்க்கத்தான் ஆப்பைத் திறந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து பார்த்தால் டென்னசியிடம் மூன்றாவது தடவையாக டிரேட் பேசிக்கொண்டிருக்கிறேன்.